பத்து மணிக்கு மின்சாரம் போகும்

என்று எனக்குத் தெரியும்.
அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்து
கண்ணாடித் தடுப்பில் ஒட்டியவளே நான்தான்.
குஜாந்த் நகர மின்கட்டண அலுவலகம்,
மூன்றாம் எண் கவுண்ட்டர்.

இருந்தும் ஒன்பதே முக்காலுக்குச்
சாமணத்தை எடுத்தேன்.
வலது புருவம் சமர்த்து.
கீழ் வரிசையில் ஏழு முடி, வால் பக்கம் இரண்டு.
தோலை இழுத்துப் பிடித்து
வளரும் திசையிலேயே வெடுக்கென்று.
ஒவ்வொன்றுக்கும் ஒரு தும்மல் வரும் எனக்கு.
புருவத்துக்கும் மூக்குக்கும் உள்ளுக்குள்ளே
மீட்டர் இல்லாத ஏதோ இணைப்பு.

இடதைத் தொட்டபோது
ஊர் அணைந்தது.
ஆற்றுக்கு அக்கரையும் அணைந்தது.
குளிர்பதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது.

மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்
என்று படுக்கப் போகிறவள் வேறு யாரோ.
நான் கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அதன் வெளிச்சத்தில் தொடர்ந்தேன்.
கீழிருந்து வெளிச்சம் விழுந்தால்
ஒவ்வொரு முடிக்கும் ஒரு நிழல் முளைக்கிறது.
நிழலென்று நினைத்து முடியையும்
முடியென்று நினைத்துத் தோலையும்
பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காலையில்
கண்ணாடியின் ஒரு பாதியில் நான்.
மறு பாதியில்
நான் சொல்லும் எதையும் நம்பாத ஒருத்தி.

மூன்றாம் மாடி மவ்ஜுதா ஓடி வந்தாள்,
ஜன்னல் தொட்டியில் வளர்த்த உஸ்மா இலையோடு.
உள்ளங்கையில் கசக்கி
கவிழ்த்த தேநீர்க் கிண்ணத்தின் அடிக்குழியில் பிழிந்து
பஞ்சு சுற்றிய தீக்குச்சியைத் தோய்த்தாள்.
பச்சையாகப் போகும், கறுப்பாக உட்காரும்.
"நடுவிலும் இழுத்துவிடவா?
ரெண்டும் சேர்ந்தால்தானே அழகு"
என்றாள், இரண்டும் சேர்ந்தவள்.
வேண்டாமென்று தலையாட்டினேன்.
அந்த ஆட்டத்தில்
குச்சி இன்னும் அரை விரல் மேலே ஏறியது.

கவுண்ட்டரில் முதல் ஆள் ரொட்டிக்கடை அப்ரோர்.
நூறு சொமோனி நீட்டினார்.
நான் நிமிர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.
"சரி சரி" என்றார்,
"மாவு பிசையும் எந்திரத்துக்குத்
தனிக் கம்பி இழுத்தது நான்தான்."

அடுத்தவன் கல்லூரிப் பையன்.
"மீட்டரில் காந்தம் வைத்தது அண்ணன்.
நான் ஏணியைப் பிடித்ததோடு சரி."

பதினோரு மணிக்குள்
ஒரு காந்தம், இரண்டு கம்பி, ஒரு போலி முத்திரை.
எதையும் நான் கேட்கவில்லை.
தேநீர் வேளையில் மேலாளர் கொமிலோவ்
தானாக என் பக்கம் வந்து நின்றார்.
என் நெற்றியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.
"அந்த ஆயிரத்து இருநூறு
வெள்ளிக்கிழமை பெட்டிக்குத் திரும்பிவிடும், ஷஹ்லோ."
எந்த ஆயிரத்து இருநூறு?

வேல் விழி, வில் புருவம் என்றெல்லாம் பாடுகிறார்கள்.
இது அம்பே இல்லாத வில்.
எதிரில் வருகிறவர்களே
அம்பைக் கொண்டுவந்து
தங்களுக்குத் தாங்களே குத்திக்கொள்கிறார்கள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்,
பூப்போட்ட சால்வைக்காரி வரும்வரை.
முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைத்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
திரும்பவும் எண்ணினாள்.
"ஒரே ஒரு பல்பு, அம்மா.
அதையும் அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.
வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பாருங்கள்."

இடது கையால் நெற்றியை மூடிக்கொண்டு
வலது கையால் ரசீது எழுதினேன்.
தலைவலியா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

மறுநாள் முடியை முன்னால் இழுத்துவிட்டுப் போனேன்.
ஒருவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.
காசு, ரசீது, அடுத்தவர்.

இன்று இடது பக்கம் விரல் வைத்தால்
மணல் போல முள் முள்ளாகத் தட்டுப்படுகிறது.
நிலுவை கட்டியவர்களுக்கு மட்டும்
ஒவ்வொரு வீடாகத் திரும்ப எரியும் விளக்குகள்.
தினமும் கொமிலோவ் எட்டிப் பார்த்து
முளைத்துவிட்டதா என்று கணக்கிடுகிறார்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.
மணி ஒன்பதே முக்கால்.
மேல் வரிசையை வளர விடுகிறேன்.
கீழே, வால் பக்கம்,
சந்தேகத்துக்கு அவசியமான அந்த மூன்று முடியை மட்டும்
இன்றும் பிடுங்கியாக வேண்டும்.
தும்மல் வருகிறது.