பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை

புந்தா அரேனாஸில் அதிகாலை மூன்று.
ஒதிலியா மாவு பிசைகிறாள்.
வெளியே காற்று
கூரைத் தகரத்தைப் புரட்டிப் பார்க்கிறது.

மாவு அப்பிய கைபேசியில்
நார்வேயின் ஏதோ ஒரு வானொலி.
ஒற்றைச் செல்லோ
படியிறங்கிப் படியிறங்கிக்
கடைசிப் படியில் கால் வைக்கும் முன்

"முதுகு வலியா?
மெத்தைக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி!
துறைமுகத்துக்கு எதிரே!"

பூமியின் மறுகோடியிலிருந்து வரும் இசைக்கு
இவள் ஊர் எப்படித் தெரிந்தது?
இரவில் படுக்கவே படுக்காதவளிடம்
மெத்தை விற்கிறான்,
அதுவும் எத்தனை குதூகலம்.

முதல் வாரம் திட்டினாள்.
காசு கட்டினால் விளம்பரம் வராதாம்;
அந்தக் காசுக்கு ஒரு மாதத்து ஈஸ்ட்.
அடுத்த வாரம் கூடவே சொன்னாள்,
அவன் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி.
பிறகுதான் கவனித்தாள்:
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறான்.
அடுப்பின் கணக்கும் அதுவே.
சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி
டார்ச்சில் போட்டுக்கொண்டாள்.

ஜூனில், பனி கொட்டிய ஒரு வியாழன்.
செல்லோ இறங்கியது.
கடைசிப் படியில் கால் வைத்தது.
நின்று, வாசலையும் தாண்டிப் போனது.
ஓ, இப்படித்தான் முடியுமா இது
என்று கண்மூடி நின்றாள்.

கருகல் வாடை.
நாற்பது ரொட்டி.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள்.
பூட்டு. 'வாடகைக்கு' என்றோர் அட்டை.
கண்ணாடிக்கு அப்பால்
உறை பிரிக்காத ஒரே ஒரு மெத்தை,
நடுவில் யாரோ உட்கார்ந்த பள்ளம்.

இப்போது ஒரு பல் மருத்துவர் வருகிறார்,
ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை.
ரொட்டி ஏன் வெளிறிக் கிடக்கிறதென்று
மீனவர்கள் கேட்கிறார்கள்.