நீலச் சாயம்

மேல்விஷாரத்து எத்திராஜை நான் பார்த்ததில்லை.
வேலூருக்குப் பஸ் ஏறி இறங்கியதற்கே
பாதி மூச்சு செலவாம்.
அவர் நுரையீரலின் ஒரு துணுக்கை
மூன்று மைக்ரான் மெல்லிசாய்ச் சீவி
கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறேன்.
தழும்பு இருந்தால் நீலமாய் வரும்.

வந்தது.
சீமைக்கருவேலம் அடைத்த பாலாறு மாதிரி,
ஓட இடமில்லாமல்.

தாளில் எழுதியிருக்கிறது:
தோல் ஷெட்டில் இருபத்தாறு வருஷம்.
இடது முன்கையில் பழைய வெட்டு,
நன்றாக ஆறியது.

ஆற்றியதும் இதே ஆள்தான்.
டிஜிஎஃப் பீட்டா என்று பெயர்,
எங்கள் லேபில் மேஸ்திரி.
இழை கொண்டா, கட்டு, இன்னும் கட்டு.
அன்றைக்கு அவன் வராவிட்டால்
கை வாய் திறந்தபடியே கிடந்திருக்கும்.
கையில் வேலை முடிந்ததும் போய்விட்டான்.
நெஞ்சுக்குள் வந்தவனிடம்
போதும் என்று யாரும் சொல்லவில்லை.

குரோமில் ஊறி வெளிவரும் தோலும் நீலம்தான்,
ஷெட்டில் அதற்கு வெட் புளூ என்று பேர்.
அங்கேயும் இறுகுவது இதே இழை.
எத்தனை ஆயிரம் தோலைப் புரட்டினாரோ.
எல்லாம் செருப்பாகி
எங்கெங்கோ நடக்கிறது, மூச்சு வாங்காமல்.

மேஸ்திரியை அடியோடு விரட்டக் கூடாது
என்கிறார் டாக்டர் வேதமணி.
புண் ஆறாது,
சில இடங்களில் புற்றைத் தடுத்து நிற்பவனும் அவனே.
கொஞ்சம் கையைக் கட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஸ்லைடில் எண் எழுதி அனுப்பிவிட்டேன்.
நேற்று பிளேடு கிழித்த விரல் அரிக்கிறது.
பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்க்கிறேன்.
மேஸ்திரி வந்தாச்சு.