மைப்படி

பெறுநர்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்.
பொருள்: செம்மாண்டவலசுக் குளத்துத் தூம்புக்கல்லைக் காக்க வேண்டி.
இதுவரை தட்டச்சில் சரியாக வந்துவிட்டது.
அதற்கப்புறம்தான் மூன்று நாள் ஆனது.

'பழமை வாய்ந்த' என்று எழுதி அடித்தேன்.
'பெருமைமிகு' என்று எழுதி அடித்தேன்.
தறிக்குடோனில் கூலிக்கணக்கு எழுதுகிறவளுக்கு
அளவு எழுதத்தான் வரும்:
உயரம் நாலடி மூன்றங்குலம். பதினோரு வரி.
நெடுஞ்சாலைத் துறை சிவப்புப் பெயிண்டில் போட்ட 14/6
தனி.
அது மைப்படியில் விழவில்லை.

காங்கேயத்தில் அவர் வீட்டு வாசலில் ஆறரைக்கே கூட்டம்.
மாறுதல் கேட்டு ஒரு வாத்தியார்,
ஓய்வூதியம் நின்றுபோன ஒருத்தி,
பட்டாவில் அப்பன் பேர் தப்பாய் விழுந்த அண்ணன் தம்பி.
நடுவே, சுருட்டிய காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நான்.
பக்கத்தில் பேட்டரிக்கடை வகாப்.
மனுசருக்கு இத்தனை குறை இருக்கையில்
கல்லுக்கு என்ன அவசரம் என்று
யாரும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டேன்.

"நாலுவழிச் சாலைங் அம்மிணி. சபையில நாந்தான் பேசி வாங்குனேன்.
ஒரு கல்லுக்காக வளைக்கச் சொல்றீங்களா?"
"வளைக்க வேண்டாமுங்க. பதினெட்டடி தள்ளுனாப் போதும்,
வடக்கால பொறம்போக்குதான்."
வகாப் வரைபடத்தை விரித்தார்.
"கல்லுக்கு ஓட்டிருக்குதுங்களா?"
சிரித்தார். உடனிருந்தவர்களும் சிரித்தார்கள்,
ஒருவர் மட்டும் சற்றுத் தாமதமாக.

மேசையில் இடமில்லை. தரையில் விரித்தேன்.
கறுப்பில் வெள்ளையாய் எழுத்து.
"என்னதான் எழுதியிருக்குது?"
குத்தவைத்து, விரல் வைத்துப் படித்தேன்.
யாரோ ஒருவன் மகள் பூவத்தி;
அப்பன் பேர் பொரிந்துபோய்விட்டது.
ஏழு கழஞ்சு பொன். தூம்பு இடுவித்தாள்.
தண்ணீர் பாயும் காடுகளின் நான்கெல்லை.
கடைசி வரி:
இத்தன்மம் காத்தான் பாதம் என் தலைமேலன.

"அப்படின்னா?"
"இதைக் காப்பாத்தறவங்க காலு
எந்தலை மேல இருக்கட்டுங்கறா.
அது யாருன்னு அவளுக்குத் தெரியாதுங்க.
வருவாங்கன்னு மட்டும் நெனச்சிருக்கறா."

காகிதத்தின் ஓரம்
அவர் கால்விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது.
மெல்லக் காலை இழுத்து
நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு மனுவின் மூலையில் எழுதினார்: பரிசீலிக்கவும்.
வாத்தியார் மனுவிலும் அதே சொல், அதே பேனா.
எட்டிப் பார்த்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வகாப் கேட்டார்,
"மறந்துருவாருங்களா?"
மறக்கலாம்.
மானியக் கோரிக்கை நாளன்று
வேறு யாராவது எழுந்து கேட்டால் நினைப்பு வரலாம்.
சபையில் மொத்தம் இருநூற்று முப்பத்து நாலு பேர்.

வெள்ளகோவில் தபாலாபீசில்
பாக்கிப் பேருக்கு ஸ்டாம்பு கேட்டேன்.
"இருநூத்தி முப்பத்தி மூணா? கல்யாணமுங்களா?"
"இல்லீங்க. ஒரு தூம்பு."
எந்தக் குளம் என்றார். சொன்னேன்.
பசை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.