சாம்பல் மூடி

ரப்பர் கையில் ஆறு வாரம் குத்திப் பழகினோம்.
ரப்பருக்கு நரம்பு எப்போதும் ஒரே இடத்தில்.
அதற்கு வியர்க்காது.
எம்.எல்.ஏ.வைத் தெரியும் என்று சொல்லாது.

இப்போது ட்ரினிட்டி சர்க்கிள் பக்கம்
மெட்ரோத் தூணுக்கு அடியில் வேன்.
சனிக்கிழமை ராத்திரி ஒன்றே கால்.
ஊதுகிற கருவி கத்தியதும்
உல்லாஸ் சார் ஆளை என்னிடம் ஏற்றிவிடுகிறார்.
லத்தி பிடித்த கையில் எனக்கு ஊசி.
கையுறை என் அளவில்லை,
விரல் நுனிகளில் காற்று.

முதலில் வந்தவன் அழுதான்.
அடுத்தவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.
எடுத்து அவன் பையிலேயே போட்டேன்.
ஒரு பையன்
தன் ரத்தத்தோடு செல்ஃபி எடுக்கலாமா என்றான்.

பிறகு ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்த ஆள்,
பெயர் திப்பேசாமி, நாற்பது இருக்கும்.
சட்டைக் கையை அவனே மடித்தான்,
மூன்று மடிப்பு, அளந்த மாதிரி.
பட்டையை நான் இறுக்குமுன்பே
முஷ்டியை மூடிக்கொண்டான்.

பஞ்சை நனைத்துத் திரும்பினேன்.
'ஸ்பிரிட் பேட, மேடம்.'
கன்னடத்தில் வேண்டாம் என்பதற்கு அவ்வளவுதான்.
'தோலில் தடவியதுதான் குழாய்க்குள் வந்ததுன்னு
வக்கீல் சொல்வான். உங்க கேஸ் நிக்காது.
அந்தப் பழுப்பு பாட்டில். அயோடின்.'
மென்ற ஏலக்காய்க்கு அடியில் ரம் வாடை.
நாக்கு தடுக்கியது,
சொன்னது தடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததுதான்.
பரீட்சையில் அதற்கு இரண்டு மார்க்,
இரண்டும் வாங்கியிருந்தேன்.

ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.
அழுதவன், கடிகாரக்காரன், செல்ஃபி.
மூன்று குழாய், மூன்று அரக்கு முத்திரை.
அவர்களுக்கு எந்தப் பாட்டிலை எடுத்தேன்?
கை ஞாபகம் வைத்திருக்கவில்லை.

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை.
'அங்கே இல்ல. கொஞ்சம் வெளிப்பக்கம்.
கண்ணால தேடாதீங்க, விரலால.'
இடது கை விரலால் வலது முழங்கை மடிப்பைத்
தொட்டுக் காட்டினான்,
தன் வீட்டுக்கு வழி சொல்கிறவன்போல.
அங்கேதான் இருந்தது.
சத்தமில்லாமல் நிரம்பியது.

டயாலிசிஸ் யூனிட்டாம், பதினேழு வருஷம்.
ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு கைகள்.
'இன்னிக்குப் பதினொண்ணு' என்றான்.
ஹெல்மெட்டின் வாரைச் சுற்றினான், பிரித்தான்.
நான் கேட்கவில்லை.

குழாயை எட்டு முறை தலைகீழாக்க வேண்டும்,
குலுக்கக் கூடாது.
என்னோடு சேர்ந்து
அவன் உதடும் எண்ணியது.

சாம்பல் மூடி. அரக்கு. எண்.
படிவத்தில் கட்டம் கட்டமாய்க் கேள்வி:
பேச்சு, குழறல்.
நடை, தள்ளாட்டம்.
கண், சிவப்பு.
ஒத்துழைப்பு, ஆம் அல்லது இல்லை.
ஆம் என்று குறித்தேன்.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
அதற்கு மேல் எழுத இடமில்லை.

லைசென்ஸ் போனால்
காலை ஆறு மணி ஷிப்டுக்கு எதில் வருவான்,
பதினொரு கைகள் காத்திருக்குமா என்று யோசித்தேன்.
நிறுத்தாமல் விட்டிருந்தால்
அல்சூர் ஏரி வளைவில் யாராவது
ரோட்டைக் கடந்துகொண்டிருப்பார்கள் என்பதையும் யோசித்தேன்.
இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

பஞ்சை அவனே அழுத்திக்கொண்டான்,
முழங்கையை மடக்காமல்.
எல்லாரும் மடக்குவார்கள்.
இறங்கும்போது படியைத் தவறவிட்டான்.
உல்லாஸ் சார் தோளைப் பிடித்தார்.

அடுத்தவன் ஏறுவதற்குள்
ஸ்பிரிட் பாட்டிலை மூடி
சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.
ஏறியவன் ஜிம் உடம்பு.
நரம்பு கயிறு மாதிரி தூரத்திலிருந்தே தெரிந்தது.
இருந்தாலும்
விரலால் தேடினேன்.