மூன்று என்றேன்

ஐந்தேகாலுக்கே மேடைக் கூண்டில் ஏறிவிட்டோம்.
டாலஸிலிருந்து வந்த பல் மருத்துவர் ஸ்டோவர்
பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகிக்
கிறீச்சென்று சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்.
மெஸ்கீட் முள்மரங்களுக்குள்
இருட்டு இன்னும் எழுந்து போகவில்லை.

பண்ணையில் சட்டம் ஒன்றுதான்:
ஐந்து வயது ஆகாத கலையைச் சுடக்கூடாது.
சுட்டால் அபராதம்; மறுவருடம் அழைப்பு வராது.
வயதைச் சொல்வது என் வேலை.

"வாயைத் திறக்கச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்"
என்று சிரித்தார்.
கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தில் வருடம் தெரியுமாம்.
தெரியும். செத்த பிறகு.
எனக்கோ அது உயிரோடு,
நடந்துகொண்டே, இருநூறு கெஜத்தில்,
விடியாத வெளிச்சத்தில் தெரிய வேண்டும்.

கொம்பைப் பார்க்காதீர்கள் என்றேன்.
எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.
கொம்பு மழையைச் சொல்லும்,
வசந்தத்தில் என்ன கிடைத்தது தின்ன என்று சொல்லும்,
வயதையும் சொல்வதுபோலச் சொல்லி ஏமாற்றும்.
கட்டைவிரலால் மறைத்துவிடுங்கள்.
மிச்சம் இருப்பதுதான் மான்.

முதலில் வந்தது ஒன்றரை.
பெட்டைமானுக்கு யாரோ கொம்பு ஒட்டிவிட்டதுபோல்.
கால்கள் மட்டும்
அண்ணனிடம் இரவல் வாங்கிய நீளம்.

பின்னால் இன்னொன்று:
நெஞ்சு இறங்கியிருக்கிறது, இடுப்பு ஒட்டியிருக்கிறது,
பந்தயக் குதிரை.
கழுத்து புடைத்திருந்தாலும்
தோள் எங்கே தொடங்குகிறதென்று கோடு கிழிக்கலாம்.
"மூன்று."

"ஐந்தானால்?"

ஐந்தானால் அந்தக் கோடு அழிந்துவிடும்.
கழுத்து நேரே நெஞ்சுக்குள் போகும்.
வயிறு நெஞ்சுக்குச் சமமாக வரும், பிறகு தாண்டும்.
கால் குட்டையாகிவிட்டது என்று தோன்றும்;
கால் அப்படியேதான் இருக்கிறது,
உடம்புதான் மேலிருந்து இறங்கி வந்திருக்கிறது.
பின்னங்கால் மூட்டின் கறை குளம்புவரை கறுத்து வழியும்.
நவம்பரில், காற்று திரும்பினால்,
அந்த வாடை கூண்டுவரை ஏறும்.
தாடைக்கடியில் தோல் தொங்கும்.

அவர் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
நான் சன்னல்வழியே வெளியே பார்த்தேன்.

ஏழு பத்துக்கு அது வந்தது.
பத்துக் கிளை. வலப்பக்க முனை ஒன்று
தரையைப் பார்த்து வளைந்திருந்தது.
துப்பாக்கி அவர் கன்னத்துக்குப் போய்விட்டது.
ஒட்டிய வயிறு. மெலிந்த கழுத்து,
தோளைவிட்டுத் தனியாக.
"எத்தனை?" என்றார், மூச்சுக்குள்.

மூன்று என்றேன்.

துப்பாக்கி இறங்கியது.
அதற்குப் பிறகுதான் அது திரும்பியது.

முதுகு
நனைந்த துணி காயும் கொடிபோல்
நடுவில் தொய்ந்திருந்தது.
இடது பின்னங்காலை ஊன்றுமுன்
ஒரு கணம் யோசித்தது.
இடது காதில் அரைவட்டமாய்க் கிழிசல்.

அந்தக் கிழிசலை எனக்குத் தெரியும்.
குட்டை வெடித்துப் பாளமான வருடம்
கேமராவில் கொழுத்த வயிற்றோடு நின்றது.
அப்போதே ஐந்து என்று எழுதினேன்.
ஆறு நவம்பர் போய்விட்டது.

ஏறிய உடம்பு
ஏறிய வழியாகவே இறங்கும் என்று
புத்தகத்தில் படித்திருக்கிறேன்.
என் கண் படித்திருக்கவில்லை.

பதினொன்று
நாக்கு நுனிவரை வந்தது.
ஸ்டோவர் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.
"நல்ல இளசு. வளரட்டும். அடுத்த வருடம் பார்ப்போம்."
பார்ப்போம் என்றேன்.
கலை, அவசரமே இல்லாமல்,
முள்ளுக்குள் தலையைச் சாய்த்து
ஒவ்வொரு கிளையாக நுழைத்துப் போயிற்று.

இரவு ரெஃபுஹியோ பேரேட்டைத் திறந்தான்.
"நாலாம் மேடை?"
ஒன்றரை ஒன்று. மூன்று இரண்டு.
கேமராப் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்
கொம்பின்மேல் கட்டைவிரலை வைத்தான்.
வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

பிறகு எழுதினான்,
முதல் மூன்றுக்குக் கீழே இரண்டாவது மூன்றை,
அதே மையில், அதே அளவில்.
"அப்படியானால், வெல்டா,
அடுத்த வருடம் இதற்கு நாலு."

நாலுதான் என்றேன்.
பூட்ஸைக் கழற்றக் குனிந்து
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.