எட்டாம் எண் டிராலிபஸ்

துஷான்பேயில் பனிக்காலை.
நஸாகத் பாடிக்கொண்டே கதவுகளை மூடுகிறாள்.
பதினாறு வயதில், திறந்தவெளித் திரையரங்கில்,
சூரியகாந்தி விதை கொறித்தபடி கேட்ட இந்திப் பாட்டு.

பாதி அவள் வீட்டுச் சொல்:
தில் இங்கேயும் தில்தான்,
ஜிந்தகி ஜிந்தகிதான்,
ஜுதாயி என்றால் பிரிவு.
பெயர்ச்சொல்லெல்லாம் தெரியும்.
யார் யாரை என்ன செய்தார்கள்,
அதுதான் தெரியாது.

வினைச்சொற்களை அவளே போட்டுக்கொண்டாள்.
கல்யாண வருஷம் அந்த இதயம் ஓடியது, குதித்தது.
ஸஃபர்மாத் மாஸ்கோவுக்குச் சிமென்ட் குழைக்கப் போனபின்
அதே மெட்டில்
சும்மா கிடந்தது.

இன்று மருத்துவக் கல்லூரி நிறுத்தத்தில் ஏறிய
நாக்பூர்ப் பையன் சிரித்துவிட்டான்.
வரிவரியாய் அர்த்தம் சொல்லட்டுமா என்றான்,
உடைந்த ருஷ்யனில்.

வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்:
வரிக்கு வரி கடைசியில் வருகிறதே, ‘ஹை’,
அது பெருமூச்சுதானே?

இல்லை அக்கா.
‘இருக்கிறது’ என்று அர்த்தம்.

சந்தை முக்கில் கம்பியைவிட்டுக் கொம்பு நழுவ
வண்டி நின்றது.
கையுறை மாட்டி இறங்கினாள்.
கயிற்றை இழுத்து, தவறி, மறுபடி இழுத்து
மாட்டினாள். நீலப் பொறி.

ஹை, என்று சொல்லிப் பார்த்தாள்.
குளிரில்
புகையாகத்தான் வந்தது.