ஹெரேஸ் நகரத்து மது

இங்கே ஒரு மதுவின் பெயரே
'தாராளம்'.
லத்தீனில் இருந்தபோது அந்தச் சொல்
பிறப்பை விசாரிக்கும்:
நல்ல குலமா, நல்ல குதிரையா,
கொடி எந்த மலைச்சரிவில் வேர்விட்டது?
அங்கிருந்து கைக்கு இறங்கிவர
அதற்கு எத்தனை நூற்றாண்டு!

மதுக்கடை எதெல்மீராவின் குடும்பப்பெயர்
எக்ஸ்போசிதோ.
கன்னிமாட வாசலில் கிடந்த
ஏதோவொரு பிள்ளைக்கு எழுதிப்போட்டது.
வம்சம் கேட்டால்,
"எங்களைக் கண்டெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை,
அதற்கு மேலே ஒன்றுமில்லை" என்பாள்.

நேற்று நல்ல மழை.
சாலை போட வந்த மாலி நாட்டுக்காரன்
சூடாக ஒரு கிண்ணம் சூப்புக்கு
சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணினான்.
அவள் பார்த்தும் பாராமல்
விளிம்பு வரை ஊற்றினாள்,
வழிந்ததை முழங்கையால் துடைத்தாள்,
ரொட்டி எங்கே என்று
சமையற்காரனைத் திட்டினாள்.

மேசைமேல் ஈரக்காசுகள்.
இரண்டு குறைகின்றன.